ரோட்டிலிருந்தே தெரியும் கப்பல்

கேப்டவுனிலிருந்து சைமன்ஸ் டவுன் போகிற ரயில் பாதை, கடைசிப் பகுதியில் கடலை ஒட்டியே ஓடும். சைமன்ஸ் டவுனுக்குக் கொஞ்சம் முன்னால், கரைக்குப் பக்கத்திலேயே, கறுப்பாக ஓர் இரும்புக் கட்டை அலைக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். கிளான் ஸ்டூவர்ட் என்ற சரக்குக் கப்பலின் எஞ்சின் அது. 1914 நவம்பரில் தென்கிழக்குக் காற்று போட்ட போடில் நங்கூரம் இழுபட்டுக் கரை தட்டிய கப்பல். நூறு வருஷத்துக்கு மேல் அலை அடித்தும் எஞ்சின் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. மிச்சக் கப்பலெல்லாம் அதன் காலடியில்தான், அதிகம் போனால் எட்டு ஒன்பது மீட்டர் ஆழத்தில், கிடக்கிறது.

அந்த மிச்சத்தைப் பார்க்க, சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் டைவ் அடிக்கத்தான் போயிருந்தோம். ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரிடம் காரை விட்டு இறங்கியதும் எஞ்சினைக் காட்டினேன்.

"அதான் மேலயே தெரியுதே. அப்புறம் என்னாத்துக்கு உள்ள போறீங்க?" என்றார் அத்தை.

இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

எங்களோடு வந்தவன் என் கணவரோடு வேலை பார்க்கும் டர்பன் தம்பி. சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவன். பாட்டியிடம் கேட்டுப் பழகிய தமிழ், பாதி வாக்கியத்தில் ஆங்கிலத்துக்கு இறங்கிவிடும். அகுலாஸ் நீரோட்டம் வெதுவெதுப்பாக வந்து போகும் டர்பன் பக்கத்துக் கடலில், அலிவால் ஷோல் பாறைத்திட்டில் டைவ் அடித்துப் பழகியவன். அங்கே 1974-ல் மூழ்கிய 'புரொடியூஸ்' கப்பல் 30 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. அதையே பார்த்தவனுக்கு இது எம்மாத்திரம்? வழி முழுக்க, "எட்டு மீட்டரா அக்கா? பாத்டப்ல இறங்குற மாதிரி" என்று சிரித்துக்கொண்டே வந்தான்.

ஜூலை மாதம். சைமன்ஸ் டவுன் இருக்கும் ஃபால்ஸ் பே வளைகுடாவில் இந்தக் குளிர்காலத்தில்தான் தண்ணீர் தெளியும். கோடையில் தென்கிழக்குக் காற்று எல்லாவற்றையும் கலக்கிவிடும். தெளிவுக்கு நாம் கொடுக்கிற விலை 14 டிகிரி. அதனால் ஏழு மில்லிமீட்டர் தடிமனில் ரப்பர் உடுப்பு, கையுறை, தலைக்கு முக்காடு எல்லாம் வாடகைக்கு எடுத்தோம். தம்பியின் கால், உடுப்பின் கணுக்காலோடு நின்றுவிட்டது. இழுத்தான், குதித்தான், ரோட்டோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். ரயிலில் போனவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

எங்களைக் கூட்டிப்போன பயிற்சியாளர் அம்மாள், காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் என்றார். பைக்கு எங்கே போவது? இந்த நாட்டில் 2003 முதலே கடையில் பைக்குத் தனியாகக் காசு. அத்தை பேசாமல் கைப்பையைத் திறந்தார். வந்த நாள் முதல் கடைக் கடையாகச் சேர்த்த கேரி பேக்குகள், முக்கோணமாக மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, அடுக்கடுக்காக. "தூக்கிப் போடுங்கன்னு சொன்னியே" என்று என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷத்தில் தம்பி உடுப்புக்குள் இருந்தான்.

அடுத்தது, தண்ணீரில் மிதக்காமல் இறங்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி. "டர்பன்ல நான் கொஞ்சம்தான் கட்டுவேன்" என்று பாதியைத் திருப்பிக் கொடுத்தான். பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் அவற்றை ஓரமாக வைத்துக்கொண்டார். அனுபவஸ்தர்.

தண்டவாளம் தாண்டி, பாறை மேல் தட்டுத் தடுமாறித் தண்ணீருக்குள் போனோம். பயிற்சியாளர் கட்டைவிரலைக் கீழே காட்டினார், நாங்கள் இறங்கினோம். தம்பி இறங்கவில்லை. மேலே அவன் வயிறும், காற்றை மிதிக்கும் இரண்டு துடுப்புக் காலும் தெரிந்தன. அந்தத் தடித்த உடுப்பு முழுக்கக் காற்றுக் குமிழ்தான். ஆழம் போனால் அழுத்தத்தில் சப்பையாகி மிதப்பு குறையும். முதல் பத்து மீட்டரில்தான் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அதனால் ஆழமில்லாத இடத்தில்தான் மிதப்பு நம்மைப் படுத்தும். போதாததற்கு, சிலிண்டரில் இருக்கும் காற்றே ஏறக்குறைய 3 கிலோ. மூச்சு விட விட அதுவும் குறைந்து நாம் இலேசாகிக்கொண்டே போவோம். ஆழமில்லாத டைவ் சுலபம் என்கிறவர்களை நான் நம்புவதே இல்லை. பயிற்சியாளர் மேலே போய், ஓரம் வைத்திருந்த அதே கட்டிகளை வாங்கிவந்து அவன் இடுப்பில் கோத்தார்.

கீழே பழுப்புக் கடற்பாசிக் காடு. நடுவில் கொதிகலன்கள், மடங்கிய இரும்புத் தகடுகள். அலை எங்களை முன்னே தள்ளும், பின்னே இழுக்கும். எதிரே கொதிகலன் வரும், போகும், மறுபடி வரும். தம்பி இரண்டு கையாலும் ஒரு பாசித் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அதன் அடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு குட்டைச் சுறா, உடம்பில் பழுப்புப் பட்டைகள். எங்களைப் பார்த்ததும் வளையமாகச் சுருண்டு, வாலால் கண்ணை மூடிக்கொண்டது. "சுறா இருக்குமே" என்று அத்தை காலையிலிருந்து வேண்டிக்கொண்ட வேண்டுதலெல்லாம் இதற்காகத்தான்.

இந்தக் கப்பலின் வடிவமே விசித்திரம். டரட் கப்பல் என்பார்கள். கீழே தொப்பை, மேல்தளம் மட்டும் குறுகல். சூயஸ் கால்வாயில் கட்டணம் குறையும் என்று அப்படிக் கட்டினார்கள். வீட்டுக்காரர் ஆடிட்டர். இத்தனை வருஷத்தில் என் டைவிங் கதைகளில் அவர் காது கொடுத்துக் கேட்டது இது ஒன்றைத்தான்.

வெளியே வந்தபோது தம்பிக்கு உதடு மரத்து, வார்த்தை வரவில்லை. கழுத்து வழியாக உடுப்புக்குள் வெந்நீர் ஊற்றச் சொன்னார் பயிற்சியாளர். "குடிக்கிற வெந்நீரையா!" என்று அத்தை பதறினாலும், பிளாஸ்கை முழுசாகக் கவிழ்த்தார். ஊற்றிக்கொண்டே சொந்த ஊரை விசாரித்தார். 1860-ல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் கொண்டுவந்த முதல் ஒப்பந்தக் கூலிக் கூட்டத்துக்குப் பின்னால், கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர் இவன் கொள்ளுத்தாத்தாவின் அப்பா. அந்நாளையக் கப்பல் பதிவேட்டில் ஜில்லா, தாலுகா, கிராமம் வரை எழுதியிருப்பார்கள். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னான்: "ஆற்காடு."

"நம்ம ஆரணிப் பக்கமா!" அத்தைக்கு முகமெல்லாம் பல். இட்லி டப்பா முழுவதும் அவன் மடிக்குப் போயிற்று. எனக்குச் சட்னிதான்.

"கல்யாணம் ஆயிடுச்சாப்பா?"

குளிரில் அவன் தலை இடமும் வலமும் வெடவெடவென்று ஆடியது.

சிலிண்டர்களைத் தண்டவாளம் தாண்டி நாங்கள் காருக்குத் தூக்கிவந்தபோது, அத்தை வாட்ஸ்அப்பில் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார். டர்பனில் இவனுக்குப் பெண்டாட்டியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும் இருப்பதை நான் சொல்லி முடிப்பதற்குள், பொண்ணு பி.காம் முடித்த விவரம் வரைக்கும் வந்துவிட்டிருந்தது.