ஒரே வரியை எட்டாவது டேக்கிலும் அதே மாதிரி

மாமனார், பக்கத்து வீட்டு அக்கா, காப்பிக்கடை அண்ணன் என்று சிங்கப்பூர்த் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களில் வரும் குணச்சித்திர நடிகர்களைப் பாராட்டும்போது எல்லாரும் முகபாவத்தைத்தான் சொல்கிறார்கள். என் கணக்கில் அதற்கு முந்தைய திறமை ஒன்று உண்டு: செய்ததை அப்படியே திரும்பச் செய்வது. குரல் பதிவிலும் சோறு போடுவது அதுதான்.

ஒரே கேமராவில் எடுக்கும் நாடகத்தில் ஓர் உரையாடல் முதலில் எல்லாரும் தெரியும் வைட் ஷாட்டில், பிறகு ஒவ்வொருவருக்கும் க்ளோஸப்பில் என்று பலமுறை எடுக்கப்படும். வைடில் "வந்துட்டியா" என்ற சொல்லில் வலக்கையால் கோப்பையைத் தூக்கியிருந்தால், க்ளோஸப்பிலும் அதே சொல், அதே கை. மாறினால் இரண்டும் ஒட்டாது; எடிட்டர் எதிரே இருப்பவரின் முகத்தைப் போட்டுவிடுவார், நம் நல்ல டேக் வீணாகும். ஆகவே செய்கைகளைக் குறைத்து, ஒவ்வொன்றையும் ஒரு சொல்லோடு முடிந்துவைத்து, வசனத்தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் காட்சியில் உணவைச் சின்னத் துணுக்குகளாகவே வாயில் வையுங்கள். நிஜமாகவே சாப்பிட்டால் எட்டாவது டேக்கில் வயிறு முட்டிவிடும். வாயில் சோற்றோடு 'ழ' வராது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் படமெடுத்தால் ஒலிக்காக ஏர்கான், மின்விசிறி, ஃப்ரிட்ஜ் எல்லாம் அணைந்துவிடும். (ஃப்ரிட்ஜை அணைப்பவர் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவது நல்ல பழக்கம். சாவி இல்லாமல் கிளம்ப முடியாது, மறுபடி போட மறக்கவும் மாட்டார்.) ஜன்னலும் மூடியிருப்பதால் சீக்கிரமே வேர்க்கும். வேர்வையைத் தேய்க்காமல் டிஷ்யூவால் ஒத்தி எடுங்கள்; தேய்த்தால் ஒப்பனையின் நிறம் மாறி அடுத்த ஷாட்டோடு பொருந்தாது. பட்டுப்புடவை, உடையில் குத்தும் லேப்பல் மைக்கில் உரசும், கண்ணாடி வளையல் வசனத்தின்மேல் விழும். உடுத்தியவுடன் ஒலிப்பதிவாளரிடம் ஒருமுறை நடந்து காட்டிவிடுவது மேல்.

இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் உள்ளூர்த் தமிழ் ஒளிவழி வசந்தம் ஒன்றுதான். பாத்திரங்களுக்கும் எல்லை உண்டு. நான்கு அதிகாரத்துவ மொழிகள் இருக்கும் ஊரில் பொது அறிவிப்புகளுக்கும் விளம்பரங்களுக்கும் தமிழ்க்குரல் தேவைப்படுகிறது. அதனால் இளம் நடிகர்கள் குரல் வேலையையும் சேர்த்தே பழக வேண்டும் என்று வற்புறுத்துவேன்.

மைக்கிலிருந்து வாய் 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளி, நடுவில் மூச்சுக்காற்றைத் தடுக்கும் வலைத்திரையான பாப் ஃபில்டர். நேராக ஊதாமல் சற்றே பக்கவாட்டில் பேசினால் 'ப' வெடிக்காது. படத்தோடு சேரும் ஒலி என்றால் பதிவுத் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உரத்த இடங்களிலும் அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். 0 டெசிபலைத் தாண்டி உடைந்த ஒலியை முழுதாக மீட்க முடியாது. பால் தே குடித்துவிட்டுப் போனால் எச்சில் பிசுபிசுத்து ஒவ்வொரு சொல்லுக்கும் 'டிக்' என்று கேட்கும். தண்ணீரும் ஒரு துண்டு பச்சை ஆப்பிளும் போதும்.

பெரிய தலைவலி நேரம். ஆங்கிலத்தில் 30 விநாடிக்கு எழுதியது தமிழில் பெரும்பாலும் நீண்டுவிடும். வேகமாகப் படித்து அடைக்கப் பார்க்காதீர்கள். ண, ன இரண்டும் ஒன்றாகும், ஒற்றெழுத்துகள் காணாமல் போகும். அறைக்குள் போகுமுன் கடிகாரம் வைத்து உரக்கப் படியுங்கள். "பதிவு செய்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்றிருந்தால் "பதிவு செய்யுங்கள்" என்று மாற்றலாமா என அப்போதே கேளுங்கள். எண்களையும் அப்போதே முடிவு செய்யுங்கள்: தொலைபேசி எண்ணில் வருவது பூஜ்யமா, சுழியமா? மசேநிதி என்பதா, மத்திய சேமநிதி என்று விரித்துச் சொல்வதா?

டப்பிங்கில் திரையில் உதடு சேரும் இடத்தில் ப, ம வந்து விழ வேண்டும். மற்ற எழுத்துகள் கொஞ்சம் நகர்ந்தாலும் பார்ப்பவர் கண்டுபிடிக்க மாட்டார். முதியவர் குரலுக்குத் தொண்டையை நெரிக்காதீர்கள். மூச்சைக் குறைத்து, சொற்களுக்கிடையே இடைவெளி விட்டாலே வயது வந்துவிடும், மறுநாளும் அதே குரல் கிடைக்கும். கத்தல், அழுகை, இருமல் எல்லாவற்றையும் கடைசியில் பதிவு செய்யக் கேளுங்கள்.

பதிவு முடிந்து சில நாள் கழித்து ஒரு வரி மட்டும் மாறி வரும். பழையதோடு ஒட்ட வேண்டுமானால், எந்த மைக், எவ்வளவு தூரம், நின்றா உட்கார்ந்தா, காலையா மாலையா என்பதையெல்லாம் முதல் நாளே எழுதிவைத்திருக்க வேண்டும். காலைக் குரல் கனமாக இருக்கும். மாலையில் பேசிய வரிக்கு அது ஒட்டாது. பழைய பதிவின் முந்தைய இரண்டு வாக்கியங்களை ஹெட்ஃபோனில் கேட்டு, அங்கிருந்தே பேசிக்கொண்டு வாருங்கள். எடிட்டர் தேவையான வரியை மட்டும் எடுத்துக்கொள்வார். யாரும் பேசாத அறையின் ஒலியையும் 30 விநாடி பதிந்து கொடுங்கள், ஒட்டும் இடத்தில் நிரப்ப உதவும். அன்று சளி பிடித்திருந்தால் தேதியை மாற்றச் சொல்லத் தயங்காதீர்கள்.