அமெரிக்க உள்நாட்டுப் போர்: தொடக்கக் காலத் தளபதிகளைப் படிக்க ஒரு வழி

வரலாற்றுத் தேர்வுக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படித்தபோது என்னிடம் அதிக நேரம் வாங்கியது 1861, 1862 பகுதிதான். தென்தரப்பின் (பிரிந்துபோன தென் மாநிலங்கள்) லீ, வடதரப்பின் (ஒன்றிய அரசு) கிராண்ட் என்ற இரண்டு பெயர்களை நம்பிப் போனால், முதல் பெரிய சண்டையில் இருவருமே இல்லை. மெக்டவல், போரிகார்ட், ஜான்ஸ்டன், பேட்டர்சன் என்று புதுப் பெயர்கள் வரிசையாக வரும். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் நிற்காது. வரைபடத்தை எடுங்கள்.

1861 ஜூலை 21, புல் ரன், அந்த முதல் பெரிய சண்டை. வாஷிங்டனிலிருந்து மனாசஸ் ரயில் சந்திப்புக்கு ஒரு கோடு. மேற்கே ஷெனன்டோவா பள்ளத்தாக்கிலிருந்து அதே சந்திப்புக்கு வரும் ரயில் பாதைக்கு இன்னொன்று. முதல் கோட்டில் வடதரப்பின் மெக்டவல் வருகிறார், தென்தரப்பின் போரிகார்ட் மறித்து நிற்கிறார். இரண்டாவதன் மறுமுனையில் தென்தரப்பின் ஜோசப் ஜான்ஸ்டன். அவரை அங்கேயே பிடித்துவைப்பது வடதரப்பின் பேட்டர்சனுடைய வேலை, அது நடக்கவில்லை. ஜான்ஸ்டன் நழுவி, படையை ரயிலேற்றி போரிகார்டுடன் சேர்ந்துவிட்டார். அந்தச் சண்டையின் போக்கு இதிலேயே பாதி புரிந்துவிடும்.

மெக்டவல் திறமையற்றவர் என்று ஒரே வரியில் முடிக்கும் விடைகளை நிறையப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எதிரியின் இடப்பக்கத்தைச் சுற்றி வளைக்கும் அவருடைய திட்டம் நல்ல திட்டம். அன்று காலை பலிக்கவும் செய்தது. ஆனால் அவர் படையில் பலர் 90 நாளுக்கு மட்டும் சேர்ந்த தொண்டர்கள். கெடு முடியும் நேரம், தலைநகரிலிருந்து நெருக்கடி, பயிற்சியோ போதாது. மதியம் ஹென்றி குன்றில் தென்தரப்புத் தளபதி ஜாக்சனின் படையணி அசையாமல் நின்றது, தென்தரப்புக்குப் புதுத் துருப்புகளும் வந்து சேர்ந்தன, வடபடை கலைந்தது. ஒரு தளபதியை எடைபோடும்போது அவர் கையில் என்ன இருந்தது என்பதையும் எழுதுங்கள். விடைக்குக் கனம் வருவது அங்கேதான்.

யார் யாருக்கு முன்பே பழக்கம் என்பதையும் குறித்துவையுங்கள். மெக்டவலும் போரிகார்டும் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் 1838ஆம் ஆண்டு ஒன்றாகப் படித்து முடித்தவர்கள். போர் தொடங்கிய சம்ட்டர் கோட்டையை வடதரப்புக்காகக் காத்த ஆண்டர்சன், அதன்மேல் குண்டு வீசச் சொன்ன போரிகார்டுக்கு அதே கல்லூரியில் பீரங்கிப் பாடம் எடுத்தவர். ஒருமுறை படித்தால் மறக்காது.

ஜான்ஸ்டன் இரண்டு பேர், கவனம். இருவரும் தென்தரப்பு. ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டன் 1862 ஏப்ரல் 6 அன்று ஷைலோ சண்டையில் இறந்தார். படையின் பொறுப்பு போரிகார்டிடம் போனது. முதல் நாள் திணறிய கிராண்ட், வடதரப்பின் இன்னொரு தளபதி புவெல்லின் படை வந்து சேர்ந்ததும் மறுநாள் இழந்த இடத்தை மீட்டார். ஜோசப் ஜான்ஸ்டன் மே 31 அன்று செவன் பைன்ஸ் சண்டையில் காயமடைந்தார். அவருக்குப் பதிலாக ஜூன் 1 அன்று பொறுப்பேற்றவர்தான் லீ.

புல் ரன்னுக்குப் பிறகு மெக்டவலின் இடத்துக்கு வந்த மெக்கிளெலனையும் கிராண்டையும் ஒப்பிடச் சொல்லிக் கேள்வி வந்தால் 1862 பிப்ரவரியிலிருந்து தொடங்குங்கள். கிராண்ட் அந்த மாதமே ஹென்றி, டோனல்சன் என்று இரண்டு கோட்டைகளைப் பிடித்துவிட்டார். மெக்கிளெலன் அப்போதும் தயாராகிக்கொண்டிருந்தார். சரி, புல் ரன்னில் கலைந்த படையை ஒழுங்குபடுத்தி நிறுத்தியவர் அவர்தான், அதையும் விட்டுவிடாதீர்கள்.