சுவரில் கசிந்த உப்பு

ஐப்பசி மழை நாள் ஒன்றில் வகுப்பறைக்குள் நுழைந்தபோது பின்சுவரில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கூரைதான் ஒழுகுகிறது என்று நிமிர்ந்து பார்த்தேன். கூரையில் ஈரமே இல்லை. ஒழுகியது போஸ்டர்.

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய 'கரிப்பு மணிகள்' நாவலை வகுப்பில் நடத்தியபோது, முந்தைய வாரம் நான்கு பேர் சேர்ந்து செய்தது அது. சார்ட் பேப்பரில் உப்பளம் வரைந்து, உப்புக் குவியல் வரும் இடத்தில் பெவிகால் தடவி, அளத்திலிருந்து கொண்டுவந்த கல்லுப்பையே அள்ளி ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய அன்று ஜன்னல் வெயிலில் அது மின்னியதைப் பார்த்துவிட்டு, பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட வந்து செல்போனில் படம் எடுத்துப் போனார்கள். மூன்று நாள் அடைமழையில் உப்பு காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசிய ஆரம்பித்து, நாவலின் நாயகி பொன்னாச்சியின் சேலைச் சிவப்பும் வானத்து நீலமும் கலந்து கீழே இருந்த இன்னொரு குழுவின் போஸ்டர் மேல் வழிந்துவிட்டது. அந்தக் குழுவுக்கும் இந்தக் குழுவுக்கும் அன்று நடந்த சண்டையைத் தீர்த்து வைப்பதிலேயே ஒரு பீரியடு போயிற்று.

வேதியியல் துறை நண்பர் வந்து பார்த்துச் சிரித்தார். கடையில் விற்கும் பொட்டல உப்பு என்றால் இவ்வளவு கசிந்திருக்காதாம். அளத்து உப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் உப்புகள்தான் ஈரத்தை அப்படி இழுக்கின்றன. "உங்க நாவலை நானும் கொஞ்சம் நடத்தறேன் போல" என்றார். நடத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். இளங்கலை மாணவர்களுக்குப் பொதுத் தமிழில் ஒரு நாவல் உண்டு. கணிதம், வணிகவியல், கணினி என்று எல்லாத் துறையும் கலந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பு, 60 பேர். நாவலைப் படிக்காமலே தேர்வு எழுதுவது எப்படி என்பது அவர்களுக்கு அத்துப்படி. கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, ஆசிரியர் வரலாறு, சமூகப் பார்வை என்று நாலு கேள்விக்கான விடைகள் ஜெராக்ஸ் கடையில் தயாராக இருக்கும். அதை உடைக்கத்தான் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலை எடுத்துக்கொண்டு, ஒப்படைப்புக் கட்டுரைக்குப் பதிலாகப் போஸ்டர் செய்யச் சொன்னேன். அவருடைய நூல்கள் 2009-இல் நாட்டுடைமை ஆனவை. இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், "புக் கிடைக்கலை மேம்" என்று யாரும் தப்பிக்க முடியாது.

முதல் வருடம் படுதோல்வி. "நாவலைப் படித்து உங்கள் மனதில் தோன்றியதை வரையுங்கள்" என்று சொல்லியிருந்தேன். பெருந்தன்மையான அறிவுறுத்தல் என்று அப்போது எனக்கு எண்ணம். வந்த 15 போஸ்டர்களில் எட்டு ஆசிரியர் அறிமுகம். எட்டிலும் அதே மூன்று தகவல்: 1925-இல் பிறந்தார், ஊர் முசிறி, 1973-இல் சாகித்திய அகாதெமி விருது. சுற்றிலும் மினுமினுப்புத் தூள் தூவிய பார்டர். மிச்சத்தில் பாதிப் பேர் யாரோ ஒரு சினிமா நடிகையின் முகத்தைப் பார்த்து வரைந்து, கீழே 'பொன்னாச்சி' என்று பேர் எழுதியிருந்தார்கள். ஒரு குழு ப்ளெக்ஸ் கடையில் கொடுத்து அடித்தே கொண்டுவந்துவிட்டது. அதன் மூலையில் அவர்கள் நான்கு பேரின் படமும் கைகூப்பிய நிலையில் இருந்தது. கல்யாண பேனருக்கும் அதற்கும் வாழ்த்து வாசகம்தான் பாக்கி.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். அந்த ப்ளெக்ஸுக்குத்தான் அதிக மதிப்பெண் போட்டேன். பளிச்சென்று இருந்தது, முதல்வர் வந்து பார்த்துப் பாராட்டினார், நானும் மயங்கிவிட்டேன்.

அடுத்த வருடம் கேள்வியை மாற்றினேன். மனதில் தோன்றியது யாருக்கும் வேண்டாம். ஒவ்வொரு குழுவும் சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் ஒரே ஒரு கேள்வி இருக்கும். இந்த ஆட்களின் காலில் என்ன இருக்கிறது? வெயிலைப் பற்றிய பேச்சு எங்கெங்கே வருகிறது? கூலிப் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது? தண்ணீர் எப்படி உப்பாகிறது? பெண்கள் எந்தெந்த இடங்களில் தனியாக இருக்க அஞ்சுகிறார்கள்? எழுத்து 30 சொல்லுக்கு மேல் கூடாது. ஆசிரியர் படம் கூடாது. நாயகியின் முகம் கூடவே கூடாது. ஒரு சார்ட், ஸ்கெட்ச் பேனா, வகுப்பிலேயே செய்ய வேண்டும்.

முகம் வரையக் கூடாது என்றதும் ஒரே முனகல். ஆனால் அந்தத் தடை செய்த வேலையை என் பத்து விரிவுரை செய்திருக்காது. முகத்தை விட்டால் கை, கால், கருவி, தண்ணீர், வரப்பு என்று போயாக வேண்டும். அதற்குப் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். செல்போனில் நாவலைத் திறந்து 'கால்' என்ற சொல்லைத் தேடிக்கொண்டிருந்த ஒருத்தி, "மேம், கால்னு போட்டா காலம், காலை எல்லாம் வருது" என்று சலித்துக்கொண்டாள். சலித்துக்கொண்டே 40 பக்கம் படித்துவிட்டாள், அவளுக்கே தெரியாமல்.

தண்ணீர் எப்படி உப்பாகிறது என்ற சீட்டு கிடைத்த குழுவில்தான் சண்டை சூடு பிடித்தது. ஒருவன் கடலை வரைந்து, அங்கிருந்து வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குக் கொண்டுவந்தான். கூட இருந்தவன் மறுத்தான். "எங்க பக்கம் கடத்தண்ணி எங்க எடுக்காங்க? போர் போட்டுல்லா எடுக்காங்க." கடல் நீரைவிட நிலத்தடி நீரில் உப்பு அடர்த்தி அதிகம், அதனால் சீக்கிரம் விளையும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் டிகிரி பற்றிப் பேச்சு வந்தது. வெப்பத்தின் டிகிரி அல்ல, தண்ணீரின் உப்பு அடர்த்தியை அளக்கும் டிகிரி. கடல் நீர் சுமார் 3 டிகிரி. பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டிச் சுண்டி 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்க ஆரம்பிக்கும். 29, 30-ஐத் தாண்டவிட்டால் கசப்பு இறங்கிவிடும், மிஞ்சிய தண்ணீரை வெளியேற்ற வேண்டும். இதையெல்லாம் ஒரு ஏணி மாதிரி வரைந்தார்கள். நாவலில் இருப்பதை வரைவதா, இன்று அளத்தில் நடப்பதை வரைவதா என்று என்னிடம் தீர்ப்புக்கு வந்தார்கள். நாவல் வெளிவந்தது 1979-இல். அப்போது தூத்துக்குடி தனி மாவட்டமே இல்லை, திருநெல்வேலியோடு இருந்தது, 1986-இல்தான் பிரிந்தது. "அப்ப நம்ம மேப்பு தப்பு" என்று இன்னொரு குழு அவசரமாக ரப்பரைத் தேடியது.

சரி, எல்லாம் நன்றாகப் போயிற்று என்று சொல்லிவிட முடியாது. நான் செய்த பெரிய பிசகு ஒன்று உண்டு.

வகுப்பில் ஒரு பையன். அவன் அம்மா உப்பளத்தில் வேலை பார்ப்பவர் என்பது எனக்குத் தெரியும், உதவித்தொகை விண்ணப்பத்தில் பார்த்திருந்தேன். ஆர்வக்கோளாறில் எல்லார் முன்னாலும், "உனக்குத்தான் இதெல்லாம் நேரடியா தெரியுமே, உங்க அம்மாகிட்ட கேட்டு அவங்களையே வரையேன்" என்று சொல்லிவிட்டேன். அவன் தலையாட்டினான். அடுத்த இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் துறை வாசலில் நின்று, "மேம், நான் நாவல்ல உள்ளதையே வரையுதேன். வீட்டை இங்க கொண்டுவர வேண்டாம்" என்றான். கோபமில்லை, மரியாதையாகத்தான் சொன்னான். வகுப்பில் மற்ற 59 பேரில் யாரிடமும் நான் அவர்கள் அம்மாவை வரையச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேம்" என்று போய்விட்டான். பரவாயில்லை என்ற சொல்லை மாணவர்கள் நமக்குச் சொல்லும்போது அதில் எவ்வளவு பங்கு உண்மை என்று கணக்கிட எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவனுக்குக் கிடைத்த சீட்டு வெயில். குழுவில் மற்ற மூவரும் பெரிய மஞ்சள் சூரியன், வேர்வைத் துளி என்று திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் சூரியனே வேண்டாம் என்றான். சார்ட் பேப்பரை வெள்ளையாகவே விட்டுவிட்டு, நாவலில் நிழல் என்ற பேச்சு வரும் இடங்களைத் தேடி, அவற்றை மட்டும் பென்சிலால் சின்னச் சின்னதாகத் தீட்டினான். அவ்வளவு பெரிய வெள்ளைத் தாளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கட்டைவிரல் அளவு சாம்பல் திட்டுகள். சொற்கள் ஒன்பதுதான். குழுவில் இருந்த பெண், "வேலையே செய்யலைன்னு மார்க்கைக் குறைச்சிருவாங்க" என்று என்னிடமே வந்து புகார் சொன்னாள். உண்மையில் நானும் குறைத்திருப்பேன், முதல் வருடமாக இருந்திருந்தால். அதை அடுத்த சுவரிலிருந்து பார்க்கும்போது கண் கூசியது. உப்பளத்து வெள்ளையில் வேலை செய்கிறவர்களுக்குக் கண் எப்படிப் போகிறது என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

கண்காட்சி நாளன்று வந்த வேறு துறைப் பேராசிரியர் ஒருவர் அதன் முன் நின்று, "இது எப்ப முடியும்?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன்.

போன வருடம் புதுச் சிக்கல். செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கேட்டு, 'உப்பளத்தில் பெண் தொழிலாளி' என்று ஒரு படத்தை இறக்கி அச்செடுத்துக்கொண்டு வந்தார்கள். முழங்கால் வரை கம்பூட், கையில் ஏதோ மண்வெட்டி, பின்னால் கூம்பு கூம்பாகப் பனிமலை. கிழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. அதையே கரும்பலகையில் ஒட்டி, "இதில் என்னென்ன தப்பு?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சு முதலில் எழுந்தது. "உப்பு அம்பாரம் இப்பிடிக் கூம்பா இருக்காது மேம். நீளமா, ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி இருக்கும். மழைக்கு மேல ஓலை போட்டு மூடிருப்பாங்க." இன்னொருத்தி, வாருவதற்குப் பலகை வேண்டும், மண்வெட்டியால் வாரினால் உப்போடு அடிமண்ணும் வரும் என்றாள். ஒருவன் வெறும் காலைப் பற்றிப் பேசும்போது நாவலிலிருந்து ஒரு பத்தியையே படித்துக் காட்டினான். யந்திரம் வரைந்த தப்பான படம்தான் அந்த வருடத்தில் நான் பயன்படுத்திய ஆகச் சிறந்த பாடத் துணைக்கருவி என்று வையுங்கள்.

மதிப்பெண் போடும் முறையும் மாறியது. போஸ்டருக்கு ஒன்றும் கிடையாது, போஸ்டரின் முன் நின்று இரண்டு நிமிடம் பேசுவதற்குத்தான். இது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள், ஏன். குழுவில் யாரை வேண்டுமானாலும் கேட்பேன் என்பதால், ஒருவன் வரைய மூவர் டீ குடிக்கும் வழக்கம் ஓரளவு குறைந்தது. ஓரளவுதான்.

போஸ்டர்களின் ஆயுள் பற்றி எனக்கு மாயை ஒன்றும் இல்லை. தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றதும் ஜியோடேக் போட்ட புகைப்படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்து முடித்த மறுநாளே, சுவருக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்றார்கள். பாதி செல்லோ டேப்போடு கிழிந்து வந்தது. மீதி என் அறை பீரோ மேல் சுருட்டிக் கிடக்கிறது. அந்த வெள்ளைத் தாளை மட்டும் அவன் முன்பே வந்து வாங்கிப் போய்விட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆனால் உப்புக் கறை போகவில்லை. பெயிண்ட் அடித்த சுவரில் அந்த இடம் மட்டும் பொரிந்து பொரிந்து உதிர்கிறது. புதிதாக வந்த வகுப்பு அதைப் பற்றிக் கேட்டது, சொன்னேன். இந்த வருடம் உப்பு ஒட்டத் தடை என்றும் சேர்த்துச் சொன்னேன்.

"முழுசாவே தடையா மேம்?" என்றாள் முன் பெஞ்சுப் பெண்.

நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒருவன் குரல் கொடுத்தான். "ஐப்பசியில ஒட்டுனா கசியத்தான் செய்யும். தை பொறக்கட்டும், அளத்துல வேலை ஆரம்பிச்ச பெறகு நாமளும் ஒட்டுவோம்."

நாவலை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறேன்.