10.5 அங்குல பேரலுக்கு ஒரு குட்டை சப்ரெசர்: நான் தேர்ந்தெடுத்த விதம்

டெக்சஸில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் ரேஞ்சுக்கும் போகிற நம் ஆட்கள் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். குட்டை பேரல் (துப்பாக்கிக் குழல்) ரைஃபிள் வாங்கியவுடன் எல்லோரும் கேட்பது, "அண்ணா, எந்த சப்ரெசர் போடலாம்?" என்றுதான். சப்ரெசர் என்றால் சத்தத்தைக் குறைக்கத் துப்பாக்கி முனையில் மாட்டும் குழாய். பிராண்டு பெயரைச் சொல்லிவிட்டால் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆனால் பேரல் எத்தனை அங்குலம், எந்தத் தோளில் வைத்துச் சுடுகிறீர்கள் என்று தெரியாமல் பெயர் சொல்வதில் பிரயோஜனம் இல்லை. நான் என்ன பார்த்தேன், எதை ஒதுக்கினேன், கடைசியில் ஏன் இதை எடுத்தேன் என்று விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது ஏ.ஆர்-15 ரைஃபிள், தோட்டா 5.56 மி.மீ, பேரல் 10.5 அங்குலம். நான் இடது கைக்காரன், அது முக்கியம், பின்னால் சொல்கிறேன். பேரல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் அமெரிக்கச் சட்டப்படி அது தனிப் பதிவு கேட்கும் ஆயுதம். அந்தப் பதிவை ஏற்கெனவே ஃபார்ம் 1 என்ற விண்ணப்பம் போட்டு முடித்து, ரிசீவரில் (துப்பாக்கியின் உடல் பகுதி) டிரஸ்டின் (ஏன் டிரஸ்ட் என்று பின்னால் சொல்கிறேன்) பெயர், ஊர், மாநிலம் எல்லாம் சட்டம் கேட்கும் ஆழத்துக்குச் செதுக்கி வைத்திருந்தேன். மிச்சம் இருந்தது சப்ரெசர் மட்டும்தான்.

குட்டையாக ஏன் வேண்டும் என்பதற்கு கணக்கு எளிது. 10.5 அங்குல பேரலின் முனையில் 5.5 அங்குலம் கூடினால் மொத்தம் 16. அதாவது சாதாரண ரைஃபிளின் பேரல் நீளம்தான், காரிலிருந்து இறங்கும்போதும் வேட்டைப் பரணில் திரும்பும்போதும் இடிக்காது. 7, 8 அங்குலம் கூட்டினால் குட்டை பேரல் எடுத்ததே வீண். ஆனால் விளம்பரத்தில் போடும் நீளத்தை அப்படியே நம்பக்கூடாது. சில சப்ரெசர்கள் பேரல் முனையில் முடுக்கியிருக்கும் மசில் கருவியை உள்ளே விழுங்கிக்கொண்டு உட்காரும், வெளியே நீட்டுவது குறைவு. சிலவற்றுக்கு மவுண்ட் (பேரலோடு பூட்டும் இணைப்பு) தனியாக ஒரு அங்குலத்துக்கும் மேல் சேரும். கடையில் டேப்பை எடுத்து, பேரல் முனையிலிருந்து எவ்வளவு நீட்டுகிறது என்று அளந்து பார்த்தால் தாளில் குட்டையாகத் தெரிந்த ஒன்று நிஜத்தில் நீளமாக இருக்கும்.

சத்தம் பற்றிய எதிர்பார்ப்பை முதலிலேயே சரிப்படுத்திக்கொள்ளுங்கள். சினிமாவில் காட்டுகிற மாதிரி 'புஸ்' என்று எதுவும் கிடையாது. சப்ரெசர் இல்லாத 5.56 குட்டை பேரலில் 160 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் காதைக் கெடுக்கும் எல்லையாகச் சொல்லப்படுவது 140. நல்ல குட்டை சப்ரெசர் போட்டால் அந்த 140-ஐ ஒட்டி வந்து நிற்கும், அவ்வளவுதான். தோட்டா ஒலியின் வேகத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் போவதால் காற்றில் அது கிழிக்கும் சத்தத்தை எந்த சப்ரெசரும் தொட முடியாது. நீளமானது இன்னும் கொஞ்சம் அமைதியாக இருக்கும், உண்மை. நீளத்தைக் குறைக்கும்போது விட்டுக்கொடுப்பது இதைத்தான் என்று தெரிந்தே குறைக்க வேண்டும். என்னோடு வேட்டைக்கு வரும் ஒரு பெரியவருக்குக் காதுக்குள் இரைச்சல் ராத்திரி பகல் நிற்பதே இல்லை, இளவயதில் காதுக்கு ஒன்றும் போடாமல் சுட்டதன் பலன். அதைப் பார்த்த பிறகு சப்ரெசர் இருந்தாலும் காதடைப்பான் இல்லாமல் ரேஞ்சில் நான் ஒரு தோட்டா சுடுவதில்லை. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

இப்போது இடது கை விஷயம். என் தேர்வைத் தீர்மானித்தது சத்தம் இல்லை, புகைதான். பழைய பாணி சப்ரெசரில் தட்டுத் தட்டாக பேஃபிள்கள் இருக்கும். அவை வாயுவைப் பிடித்து வைத்து மெல்ல விடும். குட்டை பேரலில் வாயு அழுத்தம் முழுசாக இறங்குவதற்குள் போல்ட் (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும் பாகம்) திறந்துவிடும். பிடித்து வைத்த வாயு வந்த வழியே திரும்பி, காலிக் குப்பி வெளியேறும் ஜன்னல் வழியாகவும் போல்ட்டைப் பின்னால் இழுக்கும் சார்ஜிங் ஹேண்டிலின் இடுக்கு வழியாகவும் பாய்கிறது. வலது கைக்காரருக்கு அந்த ஜன்னல் முகத்துக்கு எதிர்ப்பக்கம். எனக்கு நேராகக் கன்னத்துக்கு முன்னால். டீலர் ஒருவர் ரேஞ்சில் மாதிரி சப்ரெசர்களைச் சுட்டுப் பார்க்க விட்டார். பேஃபிள் வகையில் ஒரு மேகசின் (தோட்டாப் பெட்டி) முடிவதற்குள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது, அமோனியா மாதிரி ஒரு காரம் மூக்கில் ஏறியது, கண்ணாடியைக் கழற்றினால் கன்னத்தில் கண்ணாடி விளிம்பு அளவுக்குக் கரிக்கோடு. பக்கத்தில் அதையே வலது தோளில் வைத்துச் சுட்டவருக்குப் பெரிய தொந்தரவே இல்லை. அவர் சொல்கிற பரிந்துரை எனக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

அடுத்து எடுத்தது ஃப்ளோ-த்ரூ வகை. இதில் வாயுவை அடைத்து வைக்காமல் சுருள் பாதைகள் வழியாகச் சுற்றவிட்டு முன்பக்கமாகவே வெளியேற்றுகிறார்கள். இந்த வழியில் பேர் எடுத்தது ஹக்ஸ்வர்க்ஸ், முன்பு ஓ.எஸ்.எஸ் என்ற பெயரில் இருந்த நிறுவனம். இப்போது வேறு பலரும் செய்கிறார்கள், உலோகத்தை 3டி அச்சில் வார்ப்பதால் இப்படிச் சிக்கலான உட்புறம் சாத்தியமாகிறது. சுட்டுப் பார்த்தபோது முகத்தில் வந்த புகை, சப்ரெசரே இல்லாமல் சுடுவதைவிடச் சற்றுத்தான் அதிகம். ரேஞ்சில் முன்பக்கமாக நின்றவர்களுக்குச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது, முனையில் நெருப்பும் கொஞ்சம் தெரிந்தது. எனக்கு அது சம்மதம். முகத்தில் வாயு அடிக்கும் துப்பாக்கியை நிதானமாகக் குறி பார்த்துச் சுட முடியாது, கண் தானாக மூடிக்கொள்ளும்.

உலோகத்தில் சமரசம் வேண்டாம். கடைக்காரர் ஒருவர் டைட்டேனியத்தை விடாமல் தள்ளினார், எடை குறைவு, கையில் எடுத்தால் ஆசையாகத்தான் இருக்கும். நீள பேரல் வேட்டை ரைஃபிளுக்கு அது அருமை. 10.5 அங்குலத்தில் மருந்து முழுசாக எரியாமலே முனைக்கு வந்துவிடுகிறது, அழுத்தமும் சூடும் எரியாத துகளும் மொத்தமாக முதல் பேஃபிள் மேல்தான் விழும். டைட்டேனியம் சூட்டில் வலு இழக்கும், பொறி பறக்கும். இன்கோனெல், ஸ்டெல்லைட் போன்ற உலோகங்கள் எடை கூடினாலும் இந்த அடியைத் தாங்கும். எதை வாங்கினாலும் அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் குறைந்தபட்சம் எத்தனை அங்குல பேரல் என்று போட்டிருப்பார், அதைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள். 500 டாலர் சொச்சத்திலும் நல்லவை உண்டு, ஃப்ளோ-த்ரூ பெரும்பாலும் அதைவிடக் கணிசமாகக் கூடுதல். வலது கைக்காரராக இருந்தால் நானே விலை குறைந்த பேஃபிள் வகையை எடுத்திருப்பேன்.

.30 காலிபர் சப்ரெசர் ஒன்றை எடுத்து 5.56-க்கும், .300 பிளாக்அவுட் என்ற இன்னொரு வகைத் தோட்டா சுடும் ரைஃபிளுக்கும் மாற்றி மாற்றிப் போடலாமே என்று கேட்பார்கள். போடலாம், ஓட்டை பெரிதாக இருப்பதால் 5.56-இல் சத்தம் சற்றுக் கூடும், பின்னால் வரும் வாயு சற்றுக் குறையும். ஆனால் இரண்டு ரைஃபிளும் வைத்திருப்பவர்கள் மேகசின்களைக் கண்டிப்பாக நிறம் பிரித்து வையுங்கள். .300 பிளாக்அவுட் தோட்டா 5.56 அறைக்குள் நுழைந்து போல்ட் பூட்டிவிட்டால் சுடும்போது துப்பாக்கியே வெடித்துச் சிதறும். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சரி, காகித வேலை. சப்ரெசர் வாங்கப் போடும் விண்ணப்பம் ஃபார்ம் 4. 1934-இல் வந்த சட்டம், அப்போது போட்ட 200 டாலர் வரி 90 வருஷம் மாறாமலே இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் சப்ரெசருக்கும் குட்டை ரைஃபிளுக்கும் அந்த வரி பூஜ்யம். வரிதான் போனது, பதிவு போகவில்லை. கைரேகை, போட்டோ, பின்னணிச் சரிபார்ப்பு, உள்ளூர் போலீஸ் தலைமைக்கு ஒரு நகல், எல்லாம் அப்படியே இருக்கிறது. அனுமதி வராமல் வீட்டுக்குக் கொண்டு வந்தால் 10 வருஷம் வரை சிறை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் ஆசையில் இறங்கிவிட வேண்டாம், குறுகிய சில விலக்குகள் தவிர, அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிக் குற்றம். கிரீன் கார்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தனி ஆளாகப் பதியாமல் டிரஸ்டில் பதிந்தேன். தனி ஆள் பெயரில் இருந்தால் நான் ஊரில் இல்லாதபோது மனைவி கையில் அது இருப்பதே சிக்கல். டிரஸ்டில் அவளும் பொறுப்பாளர், அதற்காக அவளுடைய கைரேகையும் போட்டோவும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

நம் ஆட்களுக்கே உரிய ஒரு தலைவலி இதில் உண்டு, பெயர். அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நமக்கு இங்கே கடைசிப் பெயர் என்று ஒன்று கட்டாயம் வேண்டும். டிரைவிங் லைசென்ஸில் ஒரு வரிசை, பழைய பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை. கைரேகை எடுத்த இடத்தில் என் பெயரையும் அப்பா பெயரையும் முன்னும் பின்னுமாக மாற்றிப் பதிந்துவிட்டார்கள், ஃபார்மில் வேறு மாதிரி, விண்ணப்பம் திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது. அங்கேயே கண்ணாடித் திரையில் பெயர் வரும்போது லைசென்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அவசரப்படுத்துவார்கள், அசையாதீர்கள். பெயர் சரியான பிறகு நான் பயந்த அளவுக்குக் காலம் எடுக்கவில்லை, இ-ஃபார்ம்ஸ் என்ற இணைய விண்ணப்பம் வந்த பிறகு மாதக்கணக்கான காத்திருப்பு எவ்வளவோ குறைந்திருக்கிறது.

கையில் வந்ததும் நேராகச் சுடப் போகவில்லை. மசில் கருவியைப் பேரல் மரையில் சரியான இறுக்கத்துக்கு முடுக்கி, சப்ரெசரைப் பூட்டி, துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, நேர் பார்க்கும் எஃகுக் கம்பியைப் பேரலுக்குள் விட்டேன். கம்பி மறுமுனையில் எட்டிப் பார்க்கும்போது, ஓட்டைக்கு நட்டநடுவே சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் தோட்டா பேஃபிளில் உரசும், வாங்கிய பொருள் அன்றைக்கே போய்விடும். என் பேரலில் மரை ஒழுங்காக இருந்தது, இடைவெளி வட்டமாகத் தெரிந்தது. கையோடு பஃபரையும் (போல்ட்டுக்குப் பின்னால் அதன் வேகத்தைத் தாங்கும் எடை) மாற்றினேன், சாதாரண 3 அவுன்ஸ் கார்பைன் பஃபருக்குப் பதில் 4.6 அவுன்ஸ் எச்2. போல்ட் சற்றுத் தாமதித்துத் திறக்கிறது, குப்பிகள் முன்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தவை இப்போது ஒரே இடத்தில் குவிகின்றன, முகத்துக்கு வரும் கொஞ்சநஞ்சப் புகையும் இன்னும் குறைந்தது. மவுண்டைப் பொறுத்தவரை 1.375-24 என்ற பொதுமரை இருக்கும் சப்ரெசராக எடுத்தால் நாளைக்கு வேறு மவுண்டுக்கு மாறுவது சுலபம், ஒரே கம்பெனி மவுண்டில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம் பயணம். ஓக்லஹோமாவுக்கோ லூசியானாவுக்கோ வேட்டைக்குப் போவதென்றால் குட்டை ரைஃபிளுக்கு முன்கூட்டியே 5320.20 படிவம் போட்டு அனுமதி வாங்கி, அதன் நகலைப் பையில் வைத்திருக்க வேண்டும். சப்ரெசருக்கு அந்தப் படிவம் தேவையில்லை, போகும் மாநிலத்தில் சட்டப்படி அனுமதி இருந்தால் போதும். 42 மாநிலங்களில் இருக்கிறது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய் பக்கம் வீடு மாறும் யோசனை இருப்பவர்கள் வாங்குவதற்கு முன்பே அதை யோசித்துக்கொள்ளுங்கள், அங்கே சப்ரெசரைக் கொண்டு போக முடியாது.