குவா மூசாங்கில் மூங்கில் வேலை

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு வேலை என்றாலே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தகரம் மாற்றுவது, கோயிலுக்குப் பந்தல் போடுவதுதான். 2014 டிசம்பர் வெள்ளத்தில் நாடு முழுக்க இரண்டு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கிளந்தான் மாநிலத்துக்குத்தான் பெரிய அடி. தண்ணீர் வடிந்த பிறகு, அங்குள்ள தெமியார் பழங்குடியினரின் கிராமம் ஒன்றில் தற்காலிக வீடு கட்ட, தகரமும் பிளைவுட்டும் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் மலைப்பாதை வழியாக குவா மூசாங் பக்கம் போனோம்.

அங்கே யாரும் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. மூங்கில் வெட்டு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

அவர்கள் தரை போடும் விதத்தைப் பார்க்க வேண்டும். மூன்று வயது தாண்டி முற்றிய மூங்கிலாகப் பார்த்து எடுக்கிறார்கள். இளசு காய்ந்தால் சுருங்கும், பூச்சியும் சீக்கிரம் விழும். கணுக்களைச் சுற்றிலும் பாராங் என்ற வெட்டுக் கத்தியால் கொத்தி, ஒரு பக்கம் மட்டும் நெடுகப் பிளந்து, பாயை விரிப்பது போல் விரித்துவிடுகிறார்கள். உள்ளே துருத்தும் கணுத்தட்டைச் சீவி எறிந்தால் பலகை தயார். ஆணி கிடையாது, ஈரப் பிரம்புக் கட்டுதான். காய்ந்ததும் இறுகிக்கொள்கிறது. இடுக்கு வழியாகத் தண்ணீரும் சேறும் கீழே இறங்கிவிடும். எங்கள் பிளைவுட் அதே சேற்றில் ஊறி உப்பிவிடும்.

"தம்பி, இது எத்தனை வருஷம் தாங்கும்?" என்றார் எங்கள் மண்டோர் அண்ணன், வேலையை மேற்பார்க்கும் கங்காணி. நியாயமான கேள்விதான். மண்ணில் நட்ட மூங்கில் சீக்கிரமே உளுத்துப்போகும். அதனால்தான் அவர்கள் தூணுக்கு மட்டும் மரம் வைத்தார்கள். மற்றபடி எது உடைந்தாலும் அவர்களே மாற்றிக்கொள்வார்கள், கான்ட்ராக்டர் லாரி வரட்டும் என்று உட்கார வேண்டியதில்லை. வெள்ளத்துக்குப் பிறகு கட்டும் வீட்டுக்கு இதுதான் முதலில் வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

கூரையில் மட்டும் எனக்கு வேறு கருத்து. பெர்த்தாம் என்ற காட்டுப் பனையின் ஓலை குளிர்ச்சி, சந்தேகமே இல்லை. தகரத்துக்குக் கீழே மத்தியானத்தில் படுத்து வளர்ந்த லயத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஆனால் ஒரு கூரைக்கே ஓலை ஏராளமாக வேண்டும். சுற்றிலும் காடு வெட்டிய இடத்தில் அதைத் தேடி அலைவது பெரும் பாடு. அதனால் கொண்டுபோன தகரத்தைப் போட்டு, கிடைத்த ஓலையை அதன் மேல் பரப்பிக் கட்டினோம். மழை இரைச்சலும் குறைந்தது. பழமை பேசுகிறவர்கள் முகம் சுளிக்கலாம், குடியிருப்பவர்களுக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் கணக்கு. செலவைக் காட்டும் படிவத்தில் சிமெண்டு, பலகை, தகரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, மூங்கிலுக்கு இல்லை. வெட்டிக் கட்டியவர்களின் கூலிக்கும் இல்லை. அவர்கள் ஊர் வேலையாம், இலவசமாம். மண்டோர் அண்ணன் அதை 'இதர செலவு' என்று எழுதி, நச்சரித்து, கூலியை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.