நான்காவது முயற்சியில் கேம்பிரிட்ஜ் பே

நேற்று ஒருவழியாக இறங்கிவிட்டேன். வட கனடாவில் யெல்லோநைஃபிலிருந்து கேம்பிரிட்ஜ் பே வரை, கணினி விமான சிமுலேட்டரில், டிசி-3 என்ற பழைய இரட்டை எஞ்சின் விமானத்தில். ஜி.பி.எஸ். கிடையாது, நகரும் வரைபடம் கிடையாது, காற்று பூஜ்யம். சுமார் 460 கடல் மைல், 3 மணி 20 நிமிடம். முன்பு மூன்று தடவை தோற்றுப்போன பாதை என்பதால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தோல்வியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜனவரி மாதத்தைத் தேர்ந்தெடுத்தது என் தவறு. ஆயிலைச் சூடாக்காமல் வலது எஞ்சினைக் கிளப்பினேன், ஆயில் அழுத்தம் ஏறவே இல்லை. அந்தக் காலத்து வடக்குப் பைலட்டுகள் மாலையில் ஆயிலை வடித்து வீட்டுக்குள் கொண்டுபோய், காலையில் சூடாக்கி ஊற்றியவர்கள். எஞ்சின் மேல் கித்தான் போர்த்தி அடியில் ஊது அடுப்பை வைத்துக் காத்திருந்தவர்கள். நான் மவுஸைச் சொடுக்கினால் போதும் என்று நினைத்துவிட்டேன். சரி, ஜூனுக்கு மாற்றிக்கொண்டேன்.

இரண்டாவது தோல்விதான் என்னை ஒரு மாதம் தூங்கவிடவில்லை.

ஜூன் 21, மவுண்டன் நேரப்படி அதிகாலை 1 மணிக்குப் புறப்பட்டேன். அந்த நாட்களில் யெல்லோநைஃபில் சூரியன் மறைந்தாலும் இரவு முழுக்க வெளிச்சம் இருக்கும். புறப்படும்போது போக வேண்டிய திசை உண்மை வடக்கிலிருந்து (திசைகாட்டி காட்டும் காந்த வடக்கு அல்ல) வலப்பக்கம் 26 பாகை. கைரோவை, அதாவது சுழலும் சக்கரத்தை வைத்துத் திசை காட்டும் கருவியை, அதற்கு வைத்து, ஸ்பெரி ஆட்டோபைலட்டிடம் ஒப்படைத்தேன். 140 நாட் (மணிக்கு 140 கடல் மைல்) வேகம், இரண்டு எஞ்சினும் சீராக முனகிக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரத்தில் வலப்பக்கம் டியாவிக் வைரச் சுரங்கத்தின் குழிகள் பக்கத்திலேயே தெரிந்தபோது எனக்கு ஒரே குஷி. நியாயமாக அது நன்றாகத் தள்ளித் தெரிந்திருக்க வேண்டும். அதை அப்போது யோசிக்கவில்லை. அப்புறம் சூரியன் வந்தது, இடப்பக்க முன்கண்ணாடியில் ஒரு மூலையில் உட்கார்ந்தது. அழகான காட்சி என்று நாலைந்து படம் பிடித்தேன். மூன்றேகால் மணி நேரம் முடிந்தபோது கீழே கேம்பிரிட்ஜ் பே இருக்கும் விக்டோரியா தீவு இல்லை, வெறும் ஏரிகள். வெட்கத்தை விட்டு வரைபடத்தைத் திறந்தேன். தென்கிழக்கே கிட்டத்தட்ட 300 கி.மீ. தள்ளி, பெருநிலத்தின் மேலேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

கைரோ காட்டும் திசை கொஞ்சம் கொஞ்சமாக நகரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்துச் சரிசெய்வோம். வடக்கில் அந்தத் திசைகாட்டிதான் ஆடிக்கொண்டே இருக்கும், நம்ப முடியாது. ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1831-ல் காந்த வடதுருவத்தைக் கண்டது இதே வட்டாரத்தில்தான், பூத்தியா தீபகற்பத்தில். துருவம் இப்போது சைபீரியப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் இங்கே காந்தப்புலம் ஏறக்குறைய நேராகக் கீழ்நோக்கியே இழுக்கிறது, ஊசியைப் பக்கவாட்டில் திருப்பும் பலம் மிகக் குறைவு. அதனால்தான் கனடா தன் வட வான்பரப்பில் காந்தத் திசையையே கைவிட்டு உண்மை வடக்கைப் பயன்படுத்துகிறது. கேம்பிரிட்ஜ் பே ஓடுபாதையின் எண் 13-31, இரண்டுக்கும் பின்னால் ஒரு 'டி' ஒட்டியிருக்கும், 'ட்ரூ', அதாவது உண்மை வடக்கு என்பதன் சுருக்கம். யெல்லோநைஃப் ஓடுபாதைகளுக்கு அந்த 'டி' கிடையாது.

ஆகவே நம்புவதற்குக் கைரோ ஒன்றுதான். சிமுலேட்டருக்காக நான் வாங்கிய டிசி-3 மென்பொருள் தொகுப்பைச் செய்தவர்கள் பூமியின் சுழற்சியையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். மணிக்கு 15 பாகையை அட்சரேகையின் சைனால் பெருக்க வேண்டும். யெல்லோநைஃபில் 13.3, கேம்பிரிட்ஜ் பேயில் 14. கைரோ காட்டும் எண் மணிக்கு அவ்வளவு பாகை குறைந்துகொண்டே வரும், 26-ஐ விடாமல் பிடித்தால் விமானம் வலப்பக்கம் வளைந்துகொண்டே போகும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டு மூன்றாவது முறை கிளம்பினேன். கைரோவைத் திருத்தும் குமிழைத் தப்பான பக்கம் திருப்பினேன். விலகல் இரட்டிப்பானது, இரண்டு மணி நேரத்தில் சூரியன் இடது ஜன்னலுக்குப் போய்விட்டது. அதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

ஆனால் அந்த ஜன்னல் சூரியன்தான் மண்டையில் தட்டியது. இரண்டாவது பயணத்தின் படங்களை எடுத்து வரிசையாகப் பார்த்தேன். இரண்டு மணி நேர இடைவெளியில் எடுத்த படங்களிலும் சூரியன் கண்ணாடியின் அதே மூலையில்! தொடுவானத்தை ஒட்டிக்கிடக்கும் சூரியன் மணிக்கு எத்தனை பாகை வலப்பக்கம் நகரும்? 15 பெருக்கல் அட்சரேகையின் சைன். அதே கணக்கு. கைரோ தப்பே செய்யவில்லை, அது விண்வெளியில் ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. திரும்பியது பூமி. மூன்று மணி நேரம் சூரியனைப் பிடித்துக்கொண்டு பறந்திருக்கிறேன், கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை.

அப்படியானால் சூரியனை வைத்தே கைரோவைச் சோதிக்கலாம். ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும், நான் இருக்க வேண்டிய இடத்துக்குச் சூரியனின் திசையை முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு அட்டவணை போட்டேன். சூரியன் வந்தபின் விமானத்தின் மூக்கை அதன் பக்கம் திருப்பி, கைரோ என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கேட்க எளிது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஐந்து மாலைகள் போயின.

முதல் தவறு, இடது இருக்கையில் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியின் நடுத்தூணைக் குறியாக வைத்தது. நடுத்தூண் அங்கிருந்து பார்த்தால் வலப்பக்கம் இருக்கிறது, மூக்கு இருக்கும் திசையே வேறு. இருபது பாகைக்கு மேல் பிழை வந்து, தொகுப்பைச் செய்தவர்களைத் திட்டித் தீர்த்தேன். பாவம் அவர்கள். பிறகு பார்வையை இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே கொண்டுவந்து வைத்தேன். இப்போது தூண் சூரியனை மறைத்தால் மூக்கு சூரியனைப் பார்க்கிறது. ஆனால் தூண் தடிமன், எது நடு என்று தெரியாது. மெதுவாக வலப்பக்கம் திரும்பும்போது சூரியன் தூணின் வலது விளிம்பில் மறையும் கணத்தில் ஒருமுறை கைரோவைப் படிக்கிறேன், இடது விளிம்பில் வெளிவரும்போது இன்னொரு முறை. இரண்டின் சராசரிதான் விடை. பிழை ஒரு பாகைக்குள் வந்துவிட்டது. இந்தக் கண்டுபிடிப்புக்காக எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

நேற்றைய பயணத்தில் கால் மணிக்கு ஒருமுறை கைரோவில் 4 பாகை கூட்டினேன். சுழற்சிக்கு மூன்றரை, மீதி அரை, வடக்கே போகப்போக தீர்க்கரேகைகள் நெருங்குவதற்கு. அதே காரணத்தால் பாதையின் திசையும் புறப்பாட்டில் 26, முடிவில் 34. டியாவிக் இந்த முறை தள்ளியே தெரிந்தது. கொன்ட்வொய்டோ ஏரியின் மேல் முதல் சூரியச் சோதனை, கைரோவில் 2 பாகை வித்தியாசம், திருத்தினேன். சூரியன் முதலில் மூக்குக்கு இடப்பக்கம் இருந்தது, மெல்ல நடுவுக்கு வந்து, கடைசியில் வலப்பக்கம் போனது. அது நகர்வதைப் பார்க்க எவ்வளவு நிம்மதி! பாத்தர்ஸ்ட் இன்லெட் கீழே வந்தது, பிறகு டீஸ் ஜலசந்தி, அதற்கு அப்பால் தட்டை நிலத்தில் தனியாக நிற்கும் பெல்லி மலை, எதிர்பார்த்தபடி சற்றே வலப்பக்கம்.

குமிழைப் பற்றி ஒரு புலம்பல். மவுஸ் சக்கரத்தில் ஒரு சொடுக்குக்கு ஒரு பாகை, அவசரத்தில் மூன்று ஓடிவிடுகிறது. நிஜமான சுழல் குமிழ் ஒன்று செய்யலாம் என்று முடிவில்லாமல் சுற்றக்கூடிய என்கோடர் வரவழைத்தேன். வந்தது சாதாரண பொட்டென்ஷியோமீட்டர், ஒரு சுற்றில் நின்றுவிடும். விற்றவரிடமிருந்து பதில் இல்லை. சூரியன் பின்னால் இருக்கும் பகல் பயணங்களுக்கு மூக்கைத் திருப்பும் வித்தை உதவாது. அதற்கு அந்தக் காலத்து ஆஸ்ட்ரோ காம்பஸ் (சூரியனையோ நட்சத்திரத்தையோ வைத்துத் திசை காணும் கருவி) மாதிரி ஒன்றை அட்டையில் வெட்டத் தொடங்கியிருக்கிறேன், அட்சரேகை வளையம் மட்டும் முடிந்திருக்கிறது.

இறங்கியதைச் சொல்லவில்லையே. முன்சக்கரங்கள் அழகாகத் தொட்டன. வால் இறங்கும்போது பெடல் சென்சார் துள்ளி விமானம் இடப்பக்கம் சுழன்றது, ஓடுபாதை விளிம்பில் குறுக்காக நின்றது. சேதம் இல்லை என்று சிமுலேட்டர் சொல்கிறது, நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். துருவப் பயணி அமுண்ட்செனின் 'மோட்' கப்பல் 1930-ல் மூழ்கி, பல காலம் கிடந்த விரிகுடா இங்கேதான். 2016-ல் தூக்கி, 2018-ல் நார்வேக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் மேலிருந்து ஒரு சுற்று சுற்றித் தேடினேன், பழக்கதோஷம்.

விமானம் இன்னும் அங்கேயே நிற்கிறது. அடுத்தது இன்னும் வடக்கே இருக்கும் ரெசல்யூட், இன்னொரு 385 கடல் மைல். புது அட்டவணையில் ஆறு வரி போட்டாகிவிட்டது. பெடலைப் பிரித்து மேஜையில் பரப்பியிருக்கிறேன்.