இல்லாத தென்னந்தோப்பு

எங்கள் பள்ளியில் படித்தவர்கள் கொண்டுவரும் மலருக்குக் கட்டுரை கேட்டு சிங்கப்பூரிலிருந்து போன் வந்தபோது, நான் ஒரு காவல் நிலையத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேசியவள் என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவள். இன்று மலரின் ஆசிரியர். "ஜாலியா எழுதுடி. வேப்பமரம், பி.டி. பீரியடு, நெல்லிக்காய் விக்கிற ஆயா, இந்த மாதிரி. சாதி கீதியெல்லாம் வேணாம். இங்க எல்லாரும் படிப்பாங்க" என்றாள்.

எல்லாரும் படிப்பார்கள் என்றால் எழுதிவிட வேண்டியதுதான். வேப்பமரம் இருந்தது. நெல்லிக்காய் ஆயா ஐந்து பைசாவுக்கு மூன்று தருவார், உப்பும் மிளகாய்ப்பொடியும் இலவசம். சரி, அது முடிந்தது.

1988, ஒன்பதாம் வகுப்பு. பள்ளி ஆண்டு மலருக்கு 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார் தமிழம்மா. நான் மூன்று பக்கம் எழுதினேன். எங்கள் காலனியில் 62 வீடு, ஒரே அடிபம்பு. அதன் கைப்பிடி கழன்றுவிட்டால் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குப் போவார். கயிற்றைத் தொட முடியாது. யாராவது இறைத்து ஊற்றும் வரை குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் நிற்பார். இறக்கினால் தரை தீட்டாம். நான் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தேன். மலர் அச்சாகி வந்தபோது என் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: 'எங்கள் ஊர் பச்சை வயல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த எழில்மிகு சிற்றூராகும்.' எங்கள் ஊரில் அன்றும் தென்னந்தோப்பு கிடையாது, இன்றும் கிடையாது.

தமிழம்மாவை நான் வெறுக்கவில்லை. நூலக அலமாரிச் சாவியை என்னிடம் நம்பிக் கொடுத்த ஒரே ஆசிரியர் அவர்தான். "உன் நல்லதுக்குத்தாம்மா மாத்தினேன். காலனின்னு போட்டா உன்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அதனாலேயே எனக்கு வெகுநாள் பதில் தெரியவில்லை.

இத்தனைக்கும் என்னைப் பற்றி யாரும் புதிதாக நினைக்க வேண்டியதில்லை. வருடா வருடம் உதவித்தொகைப் படிவத்தோடு கிளார்க் வந்து நின்று, "எஸ்.சி. பொண்ணுங்கல்லாம் எழுந்து நில்லுங்க" என்பார். எங்கள் பிரிவில் எட்டுப் பேர் நிற்போம். ஒன்பதாவதாக ஒருத்தி இருந்தாள். அவள் எழுந்திருக்கவே மாட்டாள், குனிந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருப்பாள். பணம் போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அவள் இந்த மலரைப் படிப்பாளாக இருக்கும், அதனால் பெயர் எழுதவில்லை.

இந்தக் கட்டுரையைக் கேட்டு வாங்கும் மலர் ஆசிரியரின் வீட்டுக்கும் ஒருமுறை போயிருக்கிறேன். பாட்டி திண்ணையிலேயே உட்காரச் சொன்னார். மோர் வந்தது, ஜன்னல் மேல் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த லோட்டாவில். மறுநாள் வகுப்பில் இவள் ஒன்றும் பேசாமல் என் தண்ணீர் பாட்டிலை எடுத்து வாய்வைத்துக் குடித்தாள். இருவரும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசியதில்லை.

1996இல் ஒரு நாளிதழில் சேர்ந்தேன். அதே ஆண்டு நவம்பரில் பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் 'பயனியர்' ஆங்கில ஏட்டில் ஒரு கட்டுரை எழுதினார். டெல்லியில் அரசு அங்கீகாரம் பெற்ற 686 செய்தியாளர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு தேடிப் பார்த்தும், தலித் என்று ஒருவர்கூட அகப்படவில்லை என்றார். சென்னையிலும் எங்கள் செய்தி அறையில் நான் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மட்டும் நின்றிருப்பேன். பெண் வேறு. கோலமும் ஊறுகாயும் முகப்பூச்சுமாக மகளிர் இணைப்பில் மூன்று வருடம் ஓடியது. அந்த நாட்களில்தான், 1907இலேயே தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் நடத்தினார் என்று தெரிந்துகொண்டேன். தினமும் பஸ்ஸில் இராயப்பேட்டையைத் தாண்டித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பள்ளியில் இதை யாரும் சொல்லவில்லை. பாரதியாரின் 'இந்தியா' இதழ் மட்டும் இரண்டு மார்க் கேள்வியில் வரும்.

அப்புறம் செய்திப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு கோயில் திருவிழாவுக்குப் பின் ஒரு காலனியில் நுழைந்து வீடுகளை அடித்து நொறுக்கியிருந்தார்கள். உடைந்த டிவிப் பெட்டிகளையும், அரிசிப் பானையில் ஊற்றியிருந்த மண்ணெண்ணெயையும் பார்த்து எழுதி அனுப்பினேன். மறுநாள் தலைப்பு: 'இரு தரப்பினர் மோதல், போலீஸ் குவிப்பு.' எனக்கு உடனே தென்னந்தோப்பு ஞாபகம் வந்தது. ஒரு தரப்பு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தது என்று நைட் டெஸ்க்கில் போய்ச் சண்டை போட்டேன். இருபது வருடத்துக்கும் மேலாக அதே சண்டையைத்தான் வெவ்வேறு ஆட்களோடு போட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் ஜெயிப்பேன்.

சண்டை வெளி ஆட்களோடு மட்டுமல்ல. அந்தக் காலனிப் பெண்கள் நடந்ததை என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்த்தான் சொன்னார்கள். வெளியே வந்தால் ஆண்கள், "பொம்பளைங்க சமாச்சாரம் பேப்பர்ல வேணாம்மா, மானம் போயிடும்" என்றார்கள். நம் ஆட்கள்தான். அவர்களோடும் வாதாடினேன்.

2006 செப்டம்பர் 29 அன்று மகாராஷ்டிரத்தின் கயர்லாஞ்சியில் ஒரு தலித் தாய், மகள், இரண்டு மகன்கள் கொல்லப்பட்டார்கள். பெரிய பத்திரிகைகள் விழித்துக்கொள்ள வாரக்கணக்கில் ஆனது. குற்றவாளிகளுக்குத் தண்டனை கொடுத்த நீதிமன்றமே, தலித்துகள், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த வழக்குக்குப் பொருந்தாது என்றது. அதிலிருந்து எங்கே போனாலும் என் முதல் கேள்வி, எப்.ஐ.ஆரில் என்ன பிரிவு போட்டார்கள் என்பதுதான். 1989ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு என்றால் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். அதைத் தவிர்க்கவே பல நேரம் வழக்குப் போடாமல், புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். போன் வந்த அன்றும், பக்கத்தில் இருந்த பெண் அப்படியொரு ரசீதை நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். நான்கு மணிவரை உட்கார்ந்தோம். எப்.ஐ.ஆர். போட்டார்கள்.

2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில், 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று அறிவித்தார். வசைச்சொல்லாகிவிட்ட சொல், போகட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை. தமிழம்மா அன்று அடித்தது அந்தச் சொல்லை மட்டும் என்றால் நான் என்றோ மறந்திருப்பேன்.

ஆசிரியரே, ஒற்றுப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளடி. நீளம் என்றால் நெல்லிக்காயை எடுத்துவிடு. அடிபம்பு இருக்கட்டும்.